வேர்ப்பு நின்னுட்டு

அவர் அதைச் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் இன்னும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. "ஏட்டி, வேர்ப்பு நின்னுட்டு," என்று என் கணவர் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். அடுக்களையில் நின்ற நான், "நல்லதாப் போச்சு," என்றேன்.

எங்கள் பக்கத்தில் பங்குனி பிறந்தால் வேர்வையோடு எழுந்து வேர்வையோடு படுக்கிறோம். குளித்துத் துவட்டும்போதே அடுத்த வேர்வை முதுகில் இறங்கத் தொடங்கிவிடும். துடைத்தது கிணற்று நீரையா, உடம்பு நீரையா என்று துண்டுக்கும் தெரியாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, இடையில் குளமும் வயலும் தென்னையும் வாழையும் ஓயாமல் மூச்சுவிடுகின்றன. அந்த மூச்சுக்குள் நாங்கள். பீங்கான் பரணியில் உப்பு நீர்விடும். தீப்பெட்டி எத்தனை உரசினாலும் பற்றாது. பட்டுச் சேலையில் பூஞ்சை பூக்கும். அப்பளத்தைப் பொரித்த கையோடு தின்றுவிட வேண்டும். ஒரு ஃபோன் பேசிவிட்டு வந்தால் தொய்ந்து கிடக்கும். நெல்லை அவித்தெடுத்தால் புழுங்கல் அரிசி. எங்களையும் அப்படித்தான் யாரோ அவித்தெடுத்து இராஜாக்கமங்கலத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் காயப் போட்டிருக்கிறார்கள், காயவே இல்லை.

இப்படி இருப்பது சுகமா, பாடா? ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் இதற்கொரு வழக்கு நடக்கும். வாதி என் தம்பி. கல்ஃபில், பாலைவனத்துக்கு நடுவே எண்ணெய்க் குழாய் பதிக்கிற கம்பெனியில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பியவன். அடுத்த தெருவில் வீடு கட்டி அறைக்கு அறை ஏசி வைத்திருக்கிறான். அடுத்த தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவும் அவனுக்குக் கார்தான், நடந்தால் நனைந்துவிடுவானாம்.

"அங்க சூடு அடிக்கும் அத்தான். அடிச்சிட்டுப் போயிரும். இங்க கட்டிப் பிடிச்சிட்டு விடவே மாட்டேங்குது," என்பான்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள கத்திரிக்கா மாதிரி இருந்துட்டுப் பேசப்பிடாது மாப்ள," என்பார் இவர். "மனுசன்னா வேர்க்கணும். வேர்த்து ஒழுகின பிறகு கிணத்துத் தண்ணிய தலைக்கு ஊத்திட்டு ஒரு சொம்பு பழஞ்சி குடிச்சுப் பாரு. அந்தச் சொகம் உன் ரிமோட்டுல வருமா?"

பழஞ்சி என்றால் நீரூற்றி வைத்த பழைய சோறு. நான் எப்போதும் இவர் கட்சி. அந்தச் சுகங்களை நானும் அறிவேன். மத்தியானம் தாண்டிக் கடல்காற்று வரும் நேரம் இருக்கிறதே, முதலில் தென்னையின் உச்சி ஓலை மட்டும் ஒரு விரலைப் போலத் திரும்பும், பிறகு வாழை, பிறகு கொடியில் கிடக்கும் துணி, கடைசியில் என் கழுத்து. ஈரக் கழுத்தில் காற்று படுகிற அந்த ஒரு கணத்தை உலர்ந்த ஊரில் பிறந்தவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? வெளியூர்க்காரர்கள் திற்பரப்பு அருவியில் ஒரு நேரம் குளித்துவிட்டு இதுவல்லவா சொர்க்கம் என்பார்கள். பஸ் ஏறுவதற்குள் அவர்கள் சட்டை முதுகோடு ஒட்டுவதைப் பார்த்து, சொர்க்கத்தில் இதுவும் உண்டு என்று சிரித்திருக்கிறேன். வேர்வை எங்களுக்குக் கூடப் பிறந்தது, சலித்துக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று நம்பியிருந்தேன்.

மாசி, பங்குனியில் அறுக்கிற கும்பப்பூ நெல்லின் அறுப்பு அன்றைக்கு. இவர் தக்கலையில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். அறுப்புக்கு லீவு போட்டிருந்தார். அறுக்கிற இயந்திரம் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, வெயில் ஏறிய பிறகே வந்தது. வானம் மூடிக் கிடந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை, வெந்நீர்ப் பானைமேல் மூடியைக் கவிழ்த்த மாதிரி ஒரு நாள். நெல்லை நனையவிடக்கூடாதென்ற அவசரத்தில் இவர் வரப்பில் நின்றார், தார்ப்பாயில் நெல்லை வாரிப் பரப்பினார், தனக்கு வந்த குடிநீரையும் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலை வலிக்குது என்றார். குடிக்கக் கொடுத்த மோரைப் பாதியில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சொல்.

வேர்ப்பு நின்னுட்டு. எங்கள் ஊரில் இதைக் கேட்பது நல்ல செய்தி கேட்பது. காய்ச்சல் விட்டது, பஸ் வந்தது, கரண்ட் வந்தது என்பதைப் போல. கறிவேப்பிலை கேட்டு வந்த அடுத்த வீட்டுக்காரிகூட வாசலில் நின்று அதைக் கொண்டாடினாள்.

"அண்ணனுக்கு நின்னுட்டா? கொடுத்து வச்சவ்வோ. எங்க வீட்டுல அவ்வோ இன்னும் ஆறா ஒழுகிட்டு இருக்காவோ. கடல்காத்து வந்திருக்கும் மதனி."

நான் தென்னையைப் பார்த்தேன். ஓலை அசையவில்லை. பார்த்தேன், அசையவில்லை, அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சந்தோஷத்தை விடவில்லை. அருகில் போய் அவர் கையைத் தொட்டேன். காகிதம் மாதிரி உலர்ந்திருந்தது. கும்பப்பூ காலத்தில் இந்த மனிதரின் கையை நான் இப்படி உலர்வாகத் தொட்டதே இல்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். கொதித்தது, வெயிலில் நின்ற உடம்பு கொதிக்காதா என்றும் நினைத்தேன்.

"மடைய அடைச்சியா?" என்றார் அவர்.

அறுப்புக்காக வயலில் தண்ணீர் வடித்து நாளாகிவிட்டது. கண்ணயர்ந்து பிதற்றுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தம்பி கார் வந்து நின்றது. கையில் ஒரு கேன் அக்கானி. பனையிலிருந்து இறக்கிய பதநீர் இவருக்குப் பிடிக்கும். "அறுப்பெல்லாம் முடிஞ்சுதா அத்தான்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

இவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "வாருங்கோ. இருங்கோ. யாரப் பாக்கணும்?"

நான் சிரித்துவிட்டேன். கல்யாணமான நாள் முதல் என் தம்பியை நீ, மாப்ள, கத்திரிக்கா என்று மட்டுமே அழைத்தவர் இப்படி மரியாதை கொடுத்தால் அது கேலியாகத்தானே இருக்க வேண்டும்? தம்பியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

"பட்டா மாத்தணும் சார். கவனிச்சுச் செய்யணும்," என்றான்.

பதிலுக்கு ஒரு குத்து வரும் என்று இரண்டு பேரும் காத்து நின்றோம். வரவில்லை. இவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு அலுவலகக்காரரின் பொறுமையோடு, முன்பின் பார்த்திராத ஒருவரைப் பார்ப்பது போல.

தம்பி கேனைக் கீழே வைத்தான். குனிந்து அவர் கழுத்தில் புறங்கையை வைத்தான். என்னிடம் திரும்பினான்.

"அத்தானுக்கு வேர்க்கலியா?"

"இப்பந்தான் நின்னுது. கொஞ்சம் சொகமா இருக்காவோ."

அவன் முகம் மாறியதை எதனோடு ஒப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் தாழ்ந்தது. "அக்கா, தண்ணி எடு. குடிக்க இல்ல. மேல ஊத்த."

கிணற்றடிக்குத் தூக்கிப் போனோம், அடுத்த வீட்டுக்காரியும் ஒரு கை பிடித்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடத்தினோம். சட்டையைக் கழற்றினான். வாளி வாளியாக நான் ஊற்றினேன், அவள் முறத்தால் விசிறினாள். நீர் அவர் மார்பில் விழுந்து ஓடியது. விழுந்த நீரெல்லாம் எனக்கு வேர்வையாகத் தெரிந்தது. ஊற்றுவதை நிறுத்தினால் மறுபடி காகிதம். கண்ணைத் திறந்திருந்தார், என்னைத்தான் பார்த்தார், என் பெயரைச் சொல்லவில்லை.

காரின் பின் இருக்கையில் என் மடியில் அவர் தலை. நாகர்கோவிலுக்குப் போகிற வழியில், நாங்கள் இத்தனை நாள் பழித்த அந்த ஏசி முழு வேகத்தில் இரைந்தது. தம்பி ரோட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"சைட்டுல ஒரு போர்டு வச்சிருந்தாவோ அக்கா. எல்லா பாஷையிலயும் எழுதியிருக்கும், தமிழ்ல மட்டும் இருக்காது. மலையாளத்துல நான் வாசிச்சுருவேன். வியர்ப்பு நின்னா உடனே ஆளக் கூப்பிடுன்னு போட்டிருந்துது. எங்கூட நம்ம ஜில்லாக்காரன் ஒருத்தன் நின்னான், கடற்கரை ஊரு. ஒருநா மத்தியானம், 'மக்கா, வேர்ப்பு நின்னுட்டு, இப்பம் சொகமா இருக்கு'ன்னான். நானும் சரின்னேன். போர்டு எனக்குப் பின்னாலதான் இருந்துது."

"பிறகு?"

"பெட்டியிலதான் ஊருக்கு வந்தான்."

அவன் இதை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் சொன்னதில்லை. சூட்டைப் பற்றி அத்தனை கதை அளந்தவன், இதை மட்டும் வைத்துக்கொண்டு எங்களிடம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறான்.

வழியில் மீன்பெட்டி ஏற்றிய ஒரு குட்டி வண்டியை மறித்து நிறுத்தினான். "அண்ணே, ஐஸ் வேணும். ஆளுக்கு."

மீன்காரர் கார் கண்ணாடி வழியே உள்ளே ஒரு பார்வை பார்த்தார். சாளை மீனை ஒதுக்கிவிட்டு இரண்டு கையாலும் ஐஸை வாரி என் சேலை முந்தானையில் கொட்டினார். அக்குளில், கழுத்தில், தொடையிடுக்கில் வைக்கச் சொன்னான் தம்பி. மூன்று தலைமுறையாக மீன் மணம் ஏறாத சைவ வீட்டுச் சேலை. ஐஸ் உருகி இறங்க இறங்க, நான் அந்த மணத்தை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தேன், அதில்தான் இவர் உயிர் இருக்கிறது என்பது போல.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மீன் வியாபாரமா?" என்று கேட்டார். தம்பிதான், "இல்ல சார், கவர்மெண்ட்," என்றான். அவசரப் பிரிவின் கதவு சாத்திக்கொண்டது.

கதவுக்கு வெளியே நின்றபோதுதான் எனக்கு அது முழுதாக உறைத்தது. உடம்பு தன்னைத் தானே குளிர்விக்கப் போராடியதன் ஈரத்தைத்தான் நாங்கள் ஆயுள் முழுக்கத் தொந்தரவு என்று துடைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் போராட்டம் நின்றபோது கைதட்டியிருக்கிறோம். வேர்த்தே பழகிய எங்களுக்குத்தான் வேர்க்காதது சுகம் என்று தோன்றும். இந்தத் தவறு எங்கள் ஊர்க்காரர்களின் தவறு. அந்தக் கடற்கரைப் பையன் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் செய்தான், என் கணவர் என் கண்முன் மின்விசிறிக்குக் கீழே செய்தார். நான் "நல்லதாப் போச்சு" என்றேன்.

பிழைத்துவிட்டார். முதலிலேயே தண்ணீர் ஊற்றியதும் ஐஸும்தான் காப்பாற்றின என்றார் டாக்டர். சிறுநீரகம் கொஞ்ச நாள் பயம் காட்டிவிட்டு இறங்கி வந்தது. பேச்சு தெளிந்ததும் முதலில், "ஏட்டி, என்ன சாளை மணம் அடிக்கி?" என்று முகம் சுளித்தார்.

"நீங்கதான் அத்தான்," என்றான் தம்பி.

"சீ, போலே கத்திரிக்கா."

வராந்தாவுக்குப் போய்விட்டேன். அந்தக் கத்திரிக்காயை அழாமல் கேட்க என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கு இப்போது நடப்பதில்லை. தம்பி வருகிறான், உட்கார்கிறான், கிரிக்கெட் பார்க்கிறான். எங்கள் படுக்கையறையில் ஏசி வந்துவிட்டது. இவர் அதைப் போட மறந்ததாகப் பாவனை செய்கிறார், நான் போடுகிறேன். மத்தியானம் கடல்காற்று இன்னமும் வருகிறது, என் கழுத்தைத் தொடுகிறது, எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. சுகமாக இருக்கிறதே என்று உடனே நெஞ்சு திடுக்கிடுகிறது. பிறந்து வளர்ந்த காற்றைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வது இந்த வயதில் எளிதில்லை.

இவர் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். மத்தியானமானால் தக்கலைக்கு ஃபோன் போடுகிறேன்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"வேர்க்குதா?"

"எதுத்தாப்புல ஆளு இருக்கு ஏட்டி. ஃபோன வை."

"வேர்க்குதான்னு சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் மின்விசிறியின் இரைச்சல், யாரோ ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்து செருமுகிற சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் "ம்" என்று சொல்லும்வரை நிற்கிறேன்.