இரண்டு மேசைக்கு ஒரு விரிப்பு

ஒருவர் ஆண்டுக்கணக்காக இருந்து எழுதிய நாவலை வெட்டிக் கொத்தி, பிறகு அவருக்கே தேநீர் ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுதும் தொழில். அடுத்தவருக்காக எழுதிப் பிழைக்கிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் மொன்றியலில் எனக்கு வாய்த்தது ஆமிஷ் மக்களைப் பற்றிய நாவல். காரும் மின்சாரமும் வேண்டாம், குதிரை வண்டியும் எண்ணெய் விளக்கும் போதும் என்று வயல் செய்து வாழும் கிறிஸ்தவர்கள் அவர்கள். நாவலின் நாயகி ஹன்னா, ஞானஸ்நானம் பெற்று, சபைக்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்த பிறகு ஊரைவிட்டுப் போய்த் தாதியாகிறாள். ஊர் அவளை ஒதுக்கிவைக்கிறது. இதைக் குடும்பத்தோடு இருந்து பார்க்கிற படமாக்க வேண்டும்.

பேச ஆளில்லை

தயாரிப்பாளர் டெனீஸ் நல்ல மனுஷி, பொறுமைதான் கொஞ்சம் குறைவு. மொன்றியலுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருந்த அவருடைய அலுவலகத்தில் முதல் கூட்டம். நாவலில் ஹன்னா ரொட்டிக்கு மா பிசைந்தபடி பக்கம் பக்கமாக யோசிக்கிறாள். யோசனையைக் கேமரா பிடிக்காது, அவள் ஒரு சிநேகிதிக்கு ஃபோன் எடுக்கட்டும் என்றார் டெனீஸ். அவர்கள் வீட்டில் ஃபோன் வைத்திருப்பதில்லை என்றேன். அப்படியென்றால் வானொலியில் ஏதாவது கேட்கட்டும் என்றார். அதுவும் இல்லை என்றேன். தாயிடம் சொல்லலாமே என்றார். தாயிடம் சொல்ல முடியாததுதானே கதையே என்றேன்.

டெனீஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த வீட்டில் ஒரு பசு இருக்கிறதல்லவா? அதோடாவது அவள் பேசட்டும்.”

எரிச்சலோடு வீட்டுக்குப் போய் எழுதினேன். பால் கறந்துகொண்டே பசுவிடம் ஹன்னா, தான் போகப்போவதைச் சொல்கிறாள். படத்தில் எனக்கு இன்றைக்கும் பிடித்த காட்சிகளில் அது ஒன்று. டெனீஸிடம் அதைச் சொன்னபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பசு எதிர்த்துப் பேசாது. உன்னைவிட அது நல்லது.”

அண்ணன்காரன்

நாவலை எழுதிய ரூத் ஒன்ராறியோவிலிருந்து பஸ்ஸில் மொன்றியலுக்கு வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். அவரே ஆமிஷ் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் வெளியேறியவர். ஹன்னாவின் அண்ணன் அவருடைய சொந்த அண்ணன்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேரம் போதாதென்று அந்த அண்ணனை நான் முழுசாக வெட்டியிருந்தேன்.

அவர் குசினியில் இருந்து பிரதியை வாசித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, தேவைக்கு மேலாகப் புட்டு அவித்தேன். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: “அவன் வீட்டில் இருந்த காலத்திலும் வாயே திறக்கமாட்டான். இல்லாமல் போனதை அவனே கவனித்திருக்கமாட்டான்.”

விரிப்பு

பெரிய சண்டை முடிவுக் காட்சியில்தான் வந்தது. ஒதுக்கிவைக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு. நாவலில், ஹன்னா வீட்டுக்கு வரும்போது தாய் அவளுக்குத் தனிமேசை போடுகிறாள். சின்னப்பிள்ளைகள் பார்க்கிற படம், தாய் ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று தொலைக்காட்சி நிலையம் பிடிவாதமாக நின்றது. இல்லாவிட்டால் படமே இல்லை.

எழுத மனம் வரவில்லை. உங்கள் அம்மா உண்மையில் என்ன செய்தார் என்று ரூத்திடம் கேட்டேன். அம்மா சின்னமேசையைப் பெரியமேசைக்குப் பக்கத்தில், ஒரு கை நுழையுமளவு தள்ளிப் போட்டாராம். பிறகு இரண்டுக்கும் மேலாக ஒரே விரிப்பை விரித்தாராம். மேலே பார்த்தால் ஒரு மேசை. “எங்கள் சபை பிஷப் வந்தால் மட்டும் அம்மா விரிப்பைத் தூக்கி இடைவெளியைக் காட்டுவார்” என்றார் ரூத். சொல்லும்போது சிரித்தார். பிறகு எழுந்து போய் யன்னலடியில் நின்றார்.

புத்தகத்தில் ஏன் இதை எழுதவில்லை என்று பிறகு கேட்டேன். தாய் உயிரோடு இருந்த காலத்தில் எழுதிய புத்தகம், காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். இப்போது எழுதலாமாம்.

அன்றைக்கே எழுதி டெனீஸிடம் கொண்டுபோனேன். நின்றபடியே வாசித்தார். எனக்கு முன்னாலேயே நிலையத்துக்கு ஃபோன் எடுத்தார். “நீங்கள் கேட்ட கட்டிப்பிடிப்பு வந்துவிட்டது. கையால் இல்லை, மேசைவிரிப்பால்.”

மீசை

ஆமிஷ் ஆண்கள் கலியாணம் முடித்தால் தாடி வளர்ப்பார்கள், மீசையை மழித்துவிடுவார்கள். படப்பிடிப்புக்குப் பண்ணையைத் தந்த ஜில் என்பவருக்கு நல்ல தாடி இருந்தது. ஊர்க் கூட்டக் காட்சியில் நிற்க அவருக்கும் ஆசை. மீசையை எடுக்கத்தான் பயம். மனைவி தன்னை அப்படிப் பார்த்ததே இல்லை என்று பிரெஞ்சில் என்னிடம் முறையிட்டார். நான்தான் நயமாகக் கதைத்துச் சம்மதிக்க வைத்தேன்.

மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். கறுப்புத் தொப்பிக்காரர்களுக்கு நடுவே புருஷனைத் தேடி அவரையே தாண்டிப் போனார். ஜில் பின்னால் போய்க் கூப்பிட்டார். அந்த மனுஷி திரும்பி, பாத்திரத்தை நிலத்தில் வைத்துவிட்டு, அவர் முகத்தை ஆறுதலாக, நேரமெடுத்துப் பார்த்தார். “இவ்வளவு வடிவான உதட்டை இத்தனை காலமும் எனக்கு ஏன் ஒளித்தாய்?”

ஞாயிறு மாலை

படம் ஒளிபரப்பான ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லாரும் கூடினோம். தங்கச்சி ஸ்ரெலாவும் வந்திருந்தாள். நாங்கள் கத்தோலிக்கர். அவள் மாதா கோயிலில் தாலி கட்டாமல், ஒரு சைவசமயப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்தவள். அதிலிருந்து அவள் வந்தால் அப்பா தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். அதனால் அவளும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அன்றைக்கும் குசினியில் கோட்டைக் கழற்றாமல்தான் நின்றாள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. மேசைக் காட்சி வந்தது. விரிப்புக்குக் கீழே என்ன இடைவெளி என்று கேட்டார். சொன்னேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

விளம்பரம் வந்தது. அப்பா எழும்பி எங்கள் சாப்பாட்டு மேசையடிக்குப் போனார். கோப்பையைத் தூக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தார். குசினிப் பக்கம் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “எங்களிட்ட அவ்வளவு பெரிய விரிப்பு இல்லைப் பிள்ளை. அவளை இதிலயே வந்து இருக்கச் சொல்லு.”

அடுத்த நாள் ஒரு பத்திரிகையில் படம் மெதுவாக நகர்கிறது என்று எழுதியிருந்தார்கள். குதிரை வண்டியில் போகிற சனத்தின் கதையை வேறெப்படி நகர்த்துவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.