தாமியானா தட்டிய கதவு

குளிர் வாட்டும் மலைநகரமான பொத்தோசியில், சிவப்பு வாசல் வீட்டில் துணி வெளுக்கும் வேலைக்கு செவெரினா சேர்ந்தபோது அவள் மகள் தாமியானா கைக்குழந்தை. புருஷனை மலைச் சுரங்கம் விழுங்கிய வருஷம் அது. முற்றத்துத் தொட்டியருகே தவழ்ந்து வளர்ந்த பெண், பெரியவளானதும் அதே வீட்டில் பரிமாறும் வேலைக்கு நின்றாள்.

கார்னிவல் பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போயிற்று. வீட்டுக்காரி அதெலாய்தா, தாமியானாவின் சடையைப் பிடித்து இழுத்துப்போய் மதுப் புட்டிகள் வைக்கும் நிலவறைக்குள் தள்ளிப் பூட்டினாள். கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். அதற்குள் கார் வந்துவிட்டது. சாவி கைப்பையில் கிடக்க, குடும்பமே பண்டிகைக்காக சூக்ரே நகரத்துக்குக் கிளம்பிப் போயிற்று.

மகளைக் காணோமே என்று தேடிய செவெரினாவிடம் சமையற்காரி, "ஒம் மகளுக்கு வந்த யோகத்தப் பாரு! சூக்ரேவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்கடி" என்றாள். செவெரினாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் முற்றத்தில் துவைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து தொம் தொம்மென்று சத்தம் வந்தது. தெருவில் சுரங்கத்துக்காரர்கள் மேளமடித்து ஆடிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் சுவரில் மோதிக் கேட்கிறது என்று நினைத்து, அந்தத் தாளத்துக்கே துணியை அடித்தாள்.

குடும்பம் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தாமியானா குளிரில் செத்து விறைத்துக் கிடந்தாள். கைமுட்டிகளில் தோல் இல்லை. மது திருட இறங்கியவள் மேல் கதவு தானாக அடைத்துக்கொண்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. வெள்ளிக் கரண்டி அழுக்கு மேசைவிரிப்புகளுக்குள் இருந்து செவெரினாவின் கையிலேயே கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள். அதெலாய்தா அதைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

ஊரில் எல்லோரும் செவெரினாவைத் திட்டினார்கள். "இன்னும் அங்கேயேவா வேல பாக்குற?" அந்த நிலவறைக் கதவை விட்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதெலாய்தா செத்த பிறகு மகன் கோன்சாலோ வீட்டை ஓட்டலாக்கினான். கீழே கதவு தட்டும் சத்தம் கேட்பதாக வேலைக்காரர்கள் பேசிக்கொண்டது வெளியே பரவி, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வில்மெர் என்ற வழிகாட்டி அவர்களைக் கதவில் காது வைக்கச் சொல்லுவான். ஸ்பானியர் ஆண்ட காலத்துப் பிரபுவின் மகள் லியோனோரை, சுரங்கக் கூலியைக் காதலித்ததற்காக அப்பனே உயிரோடு அடைத்துவிட்டான் என்று கண்ணீர் வரச் சொல்லுவான்.

ஒருநாள் நனைந்த விரிப்பும் கையுமாக செவெரினா குறுக்கே வந்து நின்றாள்.

"பொய் சொல்லாத வில்மெர். அது எம் மக. தாமியானா. இந்த வீட்டம்மாதான் பூட்டிட்டுப் போனா."

நடந்ததையெல்லாம் சொன்னாள், மேளச் சத்தம் வரைக்கும். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. முடித்ததும் கை தட்டினார்கள். ஒரு பெண் கேமராவைத் தூக்கி, "அம்மா, அந்தக் கதவத் தட்டுறாப்ல கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

அன்றே கோன்சாலோ கூப்பிட்டான்.

"நல்லா அழுவுறியே கெழவி! தெனமும் வந்து சொல்லு. ஆனா லியோனோர்னு சொல்லணும். எங்கம்மா பேரு வாயிலயே வரக்கூடாது."

"எம் மக பேரு தாமியானாய்யா."

"வேலைக்காரிப் பேய யாரு பாக்க வருவா? இஷ்டமில்லன்னா வெளிய போ."

போனாள். எதிர்த் தெருமுனையில் ஊதாச் சோளத்தைக் காய்ச்சிச் சூடாக விற்கும் அப்பி பானையோடு உட்கார்ந்தாள்.

வில்மெர் கதையை விடவில்லை. ஒரு மாலை, கூட்டத்தை அவள் பானைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துச் சொன்னான்: "பொண்ணத் தேடி அழுதழுதே தாய்க்காரியும் அந்தக் கதவடியில செத்துப்போனா. இப்ப தட்டுறது ரெண்டு பேரு." சொல்லிவிட்டுக் குனிந்து அவள் காதில், "பொழப்பக் கெடுத்துடாத தாயி" என்றான்.

கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் அப்பி வாங்க வந்தாள். தாமியானாவின் வயதுதான் இருக்கும்.

"பாட்டி, கதவத் தட்டுற அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றாள் செவெரினா. "சூடா இருக்கு. பாத்துக் குடி."