அல்புமின் நில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். மூத்திரப் பரிசோதனையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுபதுகளில் நடந்தது. கேரள எல்லையில், வாளையாருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல். என் மனைவிக்கு இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு, ஏழாம் மாதம். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் சோதித்து ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கு நின்றபோது அதிலிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அல்புமின். பக்கத்தில், நில்.

எனக்குத் தெரிந்த நில், நிற்கச் சொல்லும் நில்தான். எது நின்றுவிட்டது? பிள்ளையின் மூச்சா? முருகா, பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, மொகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு?" என்றாள் மனைவி.

"புள்ள அசையுதா?"

"அது நிக்காம ஒதைக்குதுங்க. நீங்கதான் மரமா நிக்கறீங்க."

அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே போனேன். சீட்டு எழுதிய சிஸ்டர் மலையாளி. எது நின்றுவிட்டது என்று நான் கேட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, பேடிக்க வேண்டா! நில்லுன்னா இங்கிலீஷில ஒண்ணுமில்லன்னாக்கும். அல்புமின் இல்ல. நல்லது!"

"அல்புமின்னா என்னங்க சிஸ்டர்?"

"எங்க பழைய பூசை எல்லாம் லத்தீன் பாஷை. அதில ஆல்புஸ்னா வெள்ளை. முட்டையோட வெள்ளைக்கருவில உள்ளதும் இந்த அல்புமின்தான், அந்தப் பேரு அதில இருந்து வந்ததாக்கும். மூத்திரத்தக் குழாயில காய்ச்சுவோம். வெந்த முட்டை போல வெளுத்தா தோஷம். இவளுக்கு வெளுக்கல்ல. தெளிஞ்ச வெள்ளம்!"

தண்ணீரைத்தான் மலையாளத்தில் வெள்ளம் என்பார்கள்.

"எனக்குத் தெளிஞ்சுதானுங்க இருக்குது சிஸ்டர், இவருக்குத்தான் கலங்கிப் போச்சு" என்றாள் மனைவி. பஸ்ஸில் வீடு வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. வேண்டியபடியே பழனிக்கு நடந்து போய் மொட்டை போட்டேன்.

இப்போது சொந்தக்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். வெளுத்திருந்ததாம், நான் வேண்டியதும் முருகன் தெளிய வைத்தானாம். அப்படி இல்லை. முதலிலிருந்தே தெளிவாகத்தான் இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவன் கொடுத்துவிட்டிருந்தான். அதற்குத்தான் நான் நடந்தேன். யாருக்காவது சொல்வதானால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அவன் பேரில் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம்.