மாடிக் கடையின் விளம்பரம்

ஜிப்காரரின் கடை மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பைகளுக்கு ஜிப் மாற்றுவதில் அவர் கைதேர்ந்தவர்தான், ஆனால் ஆள் வந்தால்தானே. இந்த மாதமும் இப்படியே போனால் கடையைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்றிருந்தார். அப்போதுதான் மனைவியின் தம்பி, ஜிப் போய் ஊக்கு குத்திய பையைத் தோளில் மாட்டித் திரிபவன், அக்கம்பக்கத்தில் ஜிப் கடை தேடுகிறவர்களின் போனில் மட்டும் தெரியும்படி ஒரு விளம்பரம் போட்டுக் கொடுத்தான்.

பத்து நாளாகியும் ஈ காக்கைகூட வரவில்லை. தம்பி போனைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

“மாமா, தினமும் விடியக்காலையிலயே விளம்பரத்த முப்பது தடவை தொட்டிருக்காங்க. யாரு?”

“நான்தான். இருக்கா, போயிடுச்சான்னு பாத்தேன். உங்க அக்காவும் ஊருக்கெல்லாம் தொட்டுத் தொட்டுக் காட்டினா.”

“தொட்டா காசு போகும் மாமா. ஒரு நாளைக்குன்னு கட்டின காசு ஒன்பது மணிக்கே தீந்துடுது. அப்புறம் மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கடைக்கு நீங்களே கூட்டம் கூடியிருக்கீங்க.”

மறுநாள் குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. பதினொரு மணிக்கு, வாய் பிளந்த பெட்டியோடு ஒரு பெண் படியேறி வந்தாள்.

“எதிர் வீடுதாங்க. ஏழு வருஷமா இருக்கோம், இங்க கடை இருக்கிறதே இன்னிக்குப் போன்லதான் தெரிஞ்சுது.”

அன்று மாலைக்குள் ஐந்து பைகள் சேர்ந்துவிட்டன. காலி செய்கிற பேச்சை அவர் அத்தோடு விட்டார். மைத்துனனுக்குப் போன் போட்டார், நன்றி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

“அந்த ஊக்குப் பையக் கொண்டு வாடா மாப்ள. இருக்கிறதுலயே நல்ல ஜிப் ஒண்ண உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.”