பந்த் அன்று வெந்தயக்கீரைக்குப் பேரம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கோடைக்காலம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில், கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த ஒரு பந்த் நாளில், லக்கேஜ் ஆட்டோவின் பின்னால் நின்றபடி "சொப்பு! சொப்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீரைக்குக் கன்னடத்தில் சொப்பு. வேளாண் பொறியியல் படித்துவிட்டுக் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தவன் தெருவில் கீரை விற்றேன்! இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெருமையை அல்ல.

அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் சிறுபாசன வேலைகளைக் கவனித்து வந்தேன். வைட்ஃபீல்டைத் தாண்டிய கிராமங்களில் தலைமுறைகளாகக் காய்கறி பயிரிடும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் கன்னடம் கலந்த தமிழ் பேசுவார்கள். கிணறுகள் வற்றத் தொடங்கியதும் பலர் தோட்டத்தில் நீலகிரி மரம் நட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். தைலமரத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். மரம் வளர்ந்து விலை போகும்வரை வீட்டில் கேழ்வரகுக் களி இருக்கும். தொட்டுக்கொள்ளக் கீரைகூட இருக்காது. காய்கறி விளைவித்தவர்கள் காய்கறி இல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஒரு அம்மா மட்டும் மரம் நட மறுத்தார். அவருடைய கணவர் லாரி ஓட்டுபவர், ஊரில் இருப்பதே அபூர்வம். நிலத்தைப் பற்றி முடிவு சொல்பவர் கணவரின் அண்ணன். "ஒரே ஒரு வெளைச்சல் பாத்துக்கோ. தேறலைன்னா நீலகிரிதான்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிணற்றோரம் மேடை கட்டி ஒரு டிரம்மை ஏற்றினோம். அதிலிருந்து பாத்திகளுக்கு மெல்லிய சொட்டு நீர்க் குழாய்கள். ஊறுகிற கொஞ்சம் தண்ணீரைக் காலையில் இறைத்து நிரப்பினால் செடிகளின் காலடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் துளி எட்டிப் பார்த்தபோது அந்த அம்மாவின் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் குதித்தேன். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி என்று போட்ட விதையெல்லாம் வந்தது. சுற்றிலும் வெடித்துக் கிடந்த மண்ணுக்கு நடுவே அந்தத் துண்டு நிலம் மட்டும் பச்சை!

பறிக்கும் பதம் வந்தபோது நான்தான் தடுத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து படம் எடுக்க வருகிறார்கள், அதுவரை பொறுங்கள் என்றேன். வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். மறுநாள் விடியலில் பறித்துக் கட்டுக் கட்டி முடித்த பிறகு அந்த அண்ணன் வந்து நின்றார். இன்றைக்கு பந்த், மார்க்கெட் திறக்காது என்றார். அந்த வெயிலில் கீரை சாயங்காலம்வரைகூடத் தாங்காது. அந்த அம்மா கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு வேகம் வந்தது. கடை இல்லாவிட்டாலும் சனங்கள் சமைக்கத்தானே வேண்டும்? பெரிய ரோட்டை விட்டுவிட்டுச் சந்து சந்தாகப் போகலாம், லிங்கராஜபுரம் எனக்கு அத்துப்படி என்றேன். அண்ணனிடம் சொந்தமாக லக்கேஜ் ஆட்டோ இருந்தது. கட்டுகளை ஏற்றிவிட்டு அந்த அம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். வண்டியைக் கிளப்பும்போதே சொன்னார்: "இது மட்டும் விக்கலைன்னு வெச்சிக்கோ, திரும்பறச்சே நீலகிரி நாத்து ஏத்திக்கினு வந்துடுவேன், ஆமா!"

முதல் தெருக்களில் வியாபாரம் மந்தம். அதனால்தான் கத்த ஆரம்பித்தேன். ஒரு தெருவில் கேட் திறந்து, ஒயர் கூடையோடு ஒருவர் வந்தார். பார்த்ததும் என் குரல் நின்றுவிட்டது. என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பையனின் அப்பா அவர்! அவர் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள், கையில் இருந்த கீரைக்கட்டோடு ஆட்டோவிலிருந்து கீழே குதித்துவிட்டேன்.

"அட, நீங்களா? எங்க இந்தப் பக்கம்?"

கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். "வீட்ல காயே இல்லை சார். அதான் வாங்கலாம்னு..." என்று சொல்லி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அதோடு விட்டேனா? அந்த அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, கட்டு இத்தனூண்டு இருக்கு? பாதி விலைக்குக் குடு" என்றேன். அதுவரை அவரை நான் ஒருமையில் அழைத்ததே இல்லை.

அவர் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்தார். "அய்யய்ய! இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல பேனா, கேக்கறது பாதி விலைக்கு சொப்பு! விடிகாலைல பறிச்சது சார். உங்க மூஞ்சி மாதிரி வாடியா கெடக்குது?"

மாடியில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. அடுத்த தெருவில் சும்மாவே கொடுக்கிறார்கள் என்று உளறினேன்.

"அப்ப அங்கயே போங்க, யாரு உங்க கையப் புடிச்சு இழுத்தா? வரச்சே எனக்கும் ஒரு கட்டு வாங்கியாங்க!"

தெருவே சிரித்தது. கேட்டுகள் திறந்தன, மாடிகளிலிருந்து கயிறு கட்டிய கூடைகள் இறங்கின. வரனின் அப்பாவே கூடை நிறைய வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கு சார், பேரம் பேசாம வாங்குங்க" என்று எனக்குப் புத்தி சொன்னார். ஆட்டோ நகர நகரக் கூட்டமும் கூடவே வந்தது. மதியத்துக்குள் முள்ளங்கியின் தழைகூட மிச்சமில்லை!

நான் வரனின் அப்பாவோடு தெருமுனைவரை பேசிக்கொண்டே நடந்து, அவர் போன பிறகு சுற்றிக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தேன். தலை நிமிரவில்லை. அந்த அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா வேஷம் சார் போட்டீங்க! மொதல்ல எனக்கு திக்குனு ஆயிடுச்சு, நம்மள விட்டுட்டுப் போறாரேன்னு. அப்பறம்தான் புரிஞ்சுது, கூட்டம் சேக்கத்தான் பண்றீங்கன்னு!"

அந்த அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீலகிரி கெடக்கட்டும். அடுத்த தபா என்ன போடலாம், சொல்லுங்க சார்" என்றார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன். அதோடு நிற்காமல், பின்னால் பயிற்சி வகுப்புகளில் அதை என் யோசனை என்றே சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அந்த வரன் வேறு காரணத்தால் தட்டிப்போயிற்று. அந்த மனிதரை நான் மறுபடி சந்திக்கவே இல்லை.

தோட்டம் நிலைத்தது. பக்கத்து நிலங்களிலும் டிரம்கள் ஏறின. பிள்ளைகளின் தட்டில் களியோடு கீரையும் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் இன்றும் குறையவில்லை. ஆனால் அங்கே போகும்போதெல்லாம் புதிதாகப் பயிரிட வருகிறவர்களிடம் அந்த அம்மா, "இந்த சாருதான் எனக்காகத் தெருவுல நின்னு நடிச்சவரு" என்று என்னைக் காட்டுவார். நான் அவரை விட்டுவிட்டுப் போகிறேன் என்று முதலில் அவருக்குத் திக்கென்று ஆனதே, அதுதான் நிஜம் என்பதை அவரிடம் நேரில் சொல்ல, இந்த வயதிலும் எனக்குத் தைரியம் வரவில்லை.