ஒன்று வெளியே, ஒன்று உள்ளே

விற்பதற்காக நான் சொன்ன பொய்கள் ஏராளம். இது விற்பனைக்கு இல்லை. அதனால் தாராளமாக நம்பலாம். அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மச்சானுக்கு, நடந்தது.

மச்சான் கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஸ்பீக்கர் பெட்டி செய்பவர். பலகை அறுப்பதிலிருந்து ஒயர் பற்றவைப்பது வரை அவர் கைதான். அன்று காலை ஒரு கச்சேரிக் குழுத் தலைவர், ஒல்லி என்கிற பேஸ்காரனோடு வந்தார். மச்சான் செய்து கொடுத்த இரட்டை ஸ்பீக்கர் பெட்டியில் பேஸே, அந்தக் கனமான அடித்தொனியே, எழவில்லை என்றான் ஒல்லி. ஆள் ஈர்க்குச்சி, குரலோ கிணற்றுக்குள் பாறை உருட்டுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் வியாபாரக் குடும்பத்தில் ஒரு பாடம் உண்டு. சரக்கில் குறை சொன்னால், சொன்னவனிடம் குறை தேடு. பெண் எடுத்த தோஷம், மச்சானும் அதைப் படித்திருந்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. விரல்லதான் வலு இல்ல தம்பி."

தலைவர் சிரித்தார். அடுத்த கச்சேரிக்கு வேறு ஆள் பார்ப்பதாக அங்கேயே சொல்லிவிட்டார். இன்னும் நாலு பெட்டிக்கு ஆர்டரும் கொடுத்தார். ஒல்லி தலை நிமிராமல் படி இறங்கினான்.

மத்தியானம் அவர்கள் விட்டுப்போன பெட்டியின் பின்பலகையை மச்சான் கழற்றினார். முகம் சுருங்கிப்போனது. ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. அப்படி மாறினால் ஒன்று காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். இரண்டு பங்காளிகள் நடத்தும் கடை மாதிரி, கையில் ஒன்றும் நிற்காது. பேஸ் செத்துவிடும்.

பிழை அவர் கையில்தான்.

ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். சின்ன பேட்டரியால் தொட்டுப் பார்த்தார். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒன்றாக வெளியே எகிறின. சரி. பலகையை மூடினார். வாயையும்.

மாலை 6.40.

வாசலில் ஒல்லி. உள்ளே வரவில்லை. தலையில் ஹெல்மெட். கழற்றவுமில்லை.

"அண்ணே... பெட்டியில நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

குரல் சன்னமாக வந்தது. அந்தப் பாறைக் குரலில் கனமே இல்லை. ஒயர் மாறிய ஸ்பீக்கரில் பேசுகிற மாதிரி...

உண்மை மச்சானின் நாக்கு நுனிவரை வந்தது. நாலு பெட்டி ஆர்டர் அதை முந்திக்கொண்டது.

"ஒண்ணும் இல்லப்பா. உன் விரல்தான்."

டப்.

மேசைமேல் அந்தப் பெட்டி. எதிலும் சொருகவில்லை.

டப்... டப்...

பெட்டியின் காற்றுத் துளையில் கை வைத்தார். வெதுவெதுப்பாக வந்தது... போனது... வந்தது...

மூச்சு.

திரும்பினார். வாசல் காலி. படியெல்லாம் மரத்தூள். ஒரு காலடித் தடம் இல்லை.

பேட்டரியை எடுத்து ஒயரில் வைத்தார்.

ஒன்று வெளியே.

ஒன்று உள்ளே.

மறுநாள் காலை தலைவர் போன் செய்தார். ஒல்லியின் பைக் லாரியில் மோதிவிட்டதாம். முந்தைய நாள் நாலு மணிக்கே. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாம். மச்சானின் கடைக்கு வந்துகொண்டிருந்த வழியில்.

அந்தப் பெட்டியை எத்தனையோ தடவை திறந்து பார்த்துவிட்டார். ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. பேட்டரி வைத்தால் இன்றைக்கும் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. ஆனால் இதை என்னிடம் சொன்னபோது மச்சான் பயந்தமாதிரி தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"செத்தப்புறமும் வந்து கேட்டான் மாப்ள. அப்பவும் பொய்தான் சொன்னேன்."