நிமியாவுக்கு ஆகாத 'ஆகா'

நிமியா பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவனும் எழுந்து உட்காருவான். "சிப்பா! சூடான சிப்பா!" மரவள்ளி மாவும் சீஸும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துச் சுட்ட வளைய ரொட்டியை அவள் நாற்பத்திரண்டு வருடமாக அந்தக் குரலால்தான் விற்றாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையைத் தூக்கியவள். பராகுவேயின் அந்தப் பக்கத்து டிரைவர்கள் அவள் நிற்கும் இடத்தில் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தாலும் கேட்காது.

அதே நிமியா வகுப்பில் உட்கார்ந்தால் ஊமை.

வகுப்புக்கு வரவேண்டிய தலையெழுத்து பஸ் நிலையத்தில் தொடங்கியது. ஆறாம் வகுப்புச் சான்றிதழ் உள்ளவருக்குத்தான் இனி விற்பனை அட்டை என்றது புது நிர்வாகம். ரொட்டிக்கும் ஆறாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நிமியா கேட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் அவளிடமே ஒரு சிப்பா வாங்கித் தின்றுவிட்டு, "ரூல், அக்கா" என்றான்.

பெரியவர்களுக்கான வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு. டீச்சர் லிஸுக்கு இருபத்து நாலு வயது. காலையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் அவள்தான் டீச்சர். இரண்டு வகுப்புக்கும் அவளிடம் இருந்தது ஒரே வித்தை: வாய் திறந்தவர் நெற்றியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் நட்சத்திரம், எல்லோருடைய கைதட்டல்.

துணி வெளுக்கும் போர்ஃபிரியாவுக்கு அது வெல்லமாக இனித்தது.

"பன்னிரண்டு நாலு எவ்வளவு?"

"நாப்பத்தி... ஏதோ ஒண்ணு டீச்சர்!"

"ஆகா! என்ன ஒரு முயற்சி! கை தட்டுங்க!"

டயர் ஒட்டும் வில்ஃப்ரிதோ தன் நட்சத்திரங்களைக் குளிர்ந்த மாத்தே இலைத் தேநீர் குடிக்கும் மாட்டுக்கொம்புக் குவளையில் ஒட்டிக்கொண்டார். நெற்றியில் இடம் போதவில்லையாம்.

முதல் நாள் நிமியாவும் ஒரு பதில் முணுமுணுத்தாள். "ஆகா! ஆகா!" என்று டீச்சர் துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். நிமியா நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள். நட்சத்திரமும் ஒட்டவில்லை, அதன்பிறகு ஐந்து வாரம் வாயும் திறக்கவில்லை. பத்து நட்சத்திரம் சேர்த்தவர் பெயர்தான் பரீட்சைப் பட்டியலில் ஏறும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நிமியாவிடம் இருந்தது பூஜ்யம்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவளை வாசலில் மறித்தாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுது நிமியாக்கா. நோட்டுல ஒரு தப்பு இல்ல. நான்தான் இவ்வளவு பாராட்டுறேனே, வாயைத் திறந்தா என்ன?"

"அதான் டீச்சர் கோளாறே."

"எது?"

"பஸ்ல 'ஆகா, என்ன மணம், என்ன மணம்'னு சொல்றவன் ஒருத்தனாவது வாங்கியிருக்கானா? ஓசில ஒரு துண்டு பிட்டுத் தின்னுட்டு அடுத்த ஸ்டாப்ல இறங்கிருவான். வாங்குறவன் வாயத் தொறந்து புகழ மாட்டான். 'ரெண்டு குடு'ம்பான், அவ்வளவுதான். நீங்க ஆகான்னா எனக்கு அந்த ஓசிக்காரன் ஞாபகம்தான் வருது."

வெள்ளிக்கிழமை டீச்சர் நட்சத்திரத் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"நிமியாக்கா. பன்னிரண்டு நாலு?"

"நாப்பத்தெட்டு."

"அடுத்தது."

அவ்வளவுதான். நிமியா நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் முகம் வாங்குகிறவன் முகமாகத்தான் இருந்தது.

"முக்கால் கிலோவுக்கு எத்தனை கிராம்?"

"எழுநூத்தம்பது."

"அடுத்தது. ஸ்பானிஷ்ல முட்டைக்கு முதல் எழுத்து?"

"ஹெச். எழுதணும், ஆனா சத்தம் வராது."

"உன்ன மாதிரியே!" என்றாள் போர்ஃபிரியா.

"மாதிரியா? இந்தா கேளு!" என்றாள் நிமியா. ஐந்தாவது பதிலில் அது பஸ் குரலாகிவிட்டது. ஏழாவதில் மைதானத்தில் பந்து நின்றது. ஒன்பதாவதில் ஜன்னல் கண்ணாடி அதிர, டீச்சரால் தாங்க முடியவில்லை.

"ஆகா! அற்புதம்!"

நிமியாவின் வாய் கூடை மூடியைப் போல் விழுந்து மூடியது.

"கெடுத்தீங்களே!" என்று எழுந்தாள் போர்ஃபிரியா, நெற்றியில் நாலு நட்சத்திரம் மின்ன. "ஒண்ணே ஒண்ணு பாக்கி! வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?"

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஒருத்தர் ஒரு டஜன் வாங்குறார். கொசுறோட மொத்தம் எத்தனை?"

நிமியா டீச்சரை ஏற இறங்கப் பார்த்து எடைபோட்டாள். கணக்கை அல்ல, ஆளை.

"வாங்குறவனுக்குப் பதிமூணு," என்றாள். "ஆகான்னவனுக்குப் பன்னெண்டே."

வில்ஃப்ரிதோ குவளையைக் கீழே போட்டுச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. பட்டியலில் நிமியாவின் பெயரை எழுதினாள். பத்து நட்சத்திரங்களையும் தாளோடு கிழித்து நீட்ட, நிமியா அதை மடித்துக் காலடியில் இருந்த கூடையின் துணிக்கடியில் செருகினாள். பிறகு டீச்சர் கூடையிலிருந்து ஒரு சிப்பாவை எடுத்துக் கடித்தாள். கண்கள் விரிந்தன, வாய் திறக்கப் பார்த்தது. சட்டென்று மூடிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினாள்.

நிமியா மூன்று எடுத்துக் கொடுத்தாள்.